எஸ்சிஏ12: தில்லி வழியே ஒரு நோயின் வரலாறு

பெரும்பாலும் நடுவயதில் கைநடுக்கமாகத் தொடங்கி, ஆண்டுகள் செல்லச் செல்ல நடையில் தள்ளாட்டமாகவும் பேச்சில் குழறலாகவும் முதிர்வது எஸ்சிஏ12 என்னும் மரபுவழி நரம்புச் சிதைவு நோய். பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்து சேரும் வாய்ப்பு சரிபாதி.

1999இல், ஜெர்மானிய வழிவந்த ஓர் அமெரிக்கக் குடும்பத்தில் இந்நோயின் மரபணுக் காரணம் கண்டறியப்பட்டது. ஐந்தாம் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணுவில் சிஏஜி என்னும் மூவெழுத்துத் தொடர் அளவுமீறித் திரும்பத் திரும்ப வருவதே அக்காரணம். மிக அரிய நோயாகவே அது அன்று தோன்றியது. 2001இல் தில்லி எய்ம்ஸ் நரம்பியலாளர் அச்சல் குமார் ஸ்ரீவாஸ்தவாவும் உடன் ஆய்வாளர்களும் ஐந்து இந்தியக் குடும்பங்களில் அதைப் பதிவுசெய்தபோது அந்த எண்ணம் மாறியது.

2005இல் வெளியான ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. ஹரியானாவை வேராகக் கொண்டு அகமணம் பேணும் அகர்வால் சமூகத்தின் வெவ்வேறு குடும்பங்களில், பிறழ்ந்த மரபணுவைச் சூழ்ந்த குறிகள் பொதுவாக இருந்தன. ஆகவே பிறழ்வு ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்க வேண்டும். கிளைமொழிகள் பகிரும் திரிபுகளைக் கொண்டு மூலமொழியை உய்த்துணரும் முறைக்கு நெருக்கமான வாதம் இது.

ஆயினும் மரபணுச் சோதனை ‘வருமா’ என்பதற்கே விடை தருகிறது. ‘எப்போது’ என்பதற்கு அன்று. அவ்வினாவுக்கான வழி இன்னொரு மரபுவழி நோயான ஹண்டிங்டன் ஆய்வில் திறந்தது. நரம்பிழைகள் சிதையும்போது ‘நியூரோஃபிலமென்ட் லைட்’ என்னும் புரதம் கசிந்து, மிக நுண்ணிய அளவில் குருதியை அடைகிறது. அறிகுறி தோன்றாத நிலையிலேயே மரபணுப் பிறழ்வுடையோரிடம் அது மிகுந்திருப்பதையும், நோய் முதிர முதிர உயர்வதையும் 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. எஸ்சிஏ3 என்னும் உறவு நோயிலும் இதே போக்கு பின்னர்க் காணப்பட்டது.

இப்புரதம் எந்த ஒரு நோய்க்கும் தனியுரிமையானதன்று. எங்கு நரம்பு சிதைந்தாலும் உயரும். எனவே மரபணுச் சான்றோடு சேர்த்தே அதற்குப் பொருள் கொள்ள வேண்டும். அவ்வாறு கொண்டால், நரம்புகள் பெரிதும் அழியுமுன்பே ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்க அது அளவுகோலாகும். எஸ்சிஏ12க்கு அந்த அளவுகோலை வகுக்க, தில்லியைச் சூழ்ந்த குடும்பங்களைப் பல்லாண்டுகள் தொடர்வதே தக்க வழி.

அத்தொடர்ச்சிக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. தம் மரபணு முடிவை அறிய விரும்பாதிருப்பது ஒவ்வொருவரின் உரிமை. வருமா என்பதைக்கூட அறிய விரும்பாத ஒருவரிடம் எப்போது என்பதைக் குருதி சொல்லிவிடக் கூடாது.