பூனைக்கு ஊரடங்குச் சட்டம்!

வீட்டுப் பூனையை ராத்திரியில் வெளியே விடலாமா? சிரிக்க வேண்டாம், இந்த மாதிரி ஒரு கேள்வி கவர்னர் மேஜை வரைக்கும் போயிருக்கிறது.

1949-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், பறவைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று, வெளியே திரியும் பூனைகளை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என ஒரு மசோதா நிறைவேறியது. கவர்னர் அட்லாய் ஸ்டீவன்சன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். கொஞ்சம் ஊர் சுற்றுவது பூனையின் சுபாவம். கிராமத்தில் எலி பிடிக்கிற பூனை வேலி, எல்லை எல்லாம் பார்க்காது. இன்று பூனைக்கும் பறவைக்கும் பஞ்சாயத்து செய்தால் நாளை பறவைக்கும் புழுவுக்கும் செய்யச் சொல்வார்கள் என்பது அவர் வாதம். (1952, 1956 ஜனாதிபதித் தேர்தல்களில் ஐசனோவரிடம் தோற்றவரும் இவரேதான். பூனை வளர்ப்பவர்களின் ஓட்டு போதவில்லை போலும்!)

ரசிக்கத்தக்க கிண்டல்தான். ஆனால் ஆஸ்திரேலியாவில் இது எடுபடாது. அங்கே பூனை இனமே கிடையாது, ஐரோப்பியர்கள் கப்பலில் கொண்டுவந்ததுதான். அங்குள்ள சின்னச் சின்ன பைப்பாலூட்டிகள் பலவும் இரவில்தான் இரை தேடும். பூனை வேட்டையாடும் நேரமும் அதுவே. மெல்போர்னுக்குப் பக்கத்தில் ஷெர்புரூக் காட்டில் லயர் பறவை இருக்கிறது. கேட்ட சத்தத்தையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லும். இரை தேடுவது தரையைக் கிளறி. அதைக் காப்பாற்ற 1991-ல் உள்ளாட்சி நிர்வாகம் பூனைகளுக்கு இரவு ஊரடங்கு போட்டது.

ஆனால் லயர் பறவை தரையில் இறங்குவது பகலில் ஆயிற்றே? இரவில் மட்டும் அடைப்பது பாதித் தீர்வுதான். கான்பெராவில் 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகளுக்கு 24 மணி நேரமும் வெளியே திரியத் தடை. அதற்கு முன் பிறந்தவற்றுக்கு, ஏற்கெனவே தடை இருந்த புறநகர்களைத் தவிர, பழைய சுதந்திரம் உண்டு.