ஊட்டியில் நாம் பார்க்காமல் வரும் புல்

லாங் வீக்கெண்ட் வருது. பாதிப் பேர் ஊட்டிக்கு இ-பாஸ் எடுத்து முடிச்சிருப்பீங்க. படகு இல்லத்துல ஒரு ரவுண்டு, பைன் மரங்களுக்கு நடுவுல ஒரு போட்டோ, ஹோம்மேட் சாக்லேட், ரிட்டர்ன். நானும் பல தடவை இதையேதான் பண்ணியிருக்கேன். "என்ன மாதிரி இயற்கை!"ன்னு கேப்ஷனும் போட்டிருக்கேன்.

ஆனா அந்தப் பைன் நம்ம ஊர் மரமே இல்லை. கற்பூர மரம்னு உள்ளூர்ல சொல்ற யூகலிப்டஸும், சீகைன்னு சொல்ற வாட்டிலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. அந்த ஏரி? 1820-களில் ஓடைகளை மறிச்சு வெட்டினது. அப்போ அதுக்கு முன்னாடி அங்கே என்னதான் இருந்தது?

புல். கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் புல்வெளி. மடிப்பு மடிப்பான பள்ளங்கள்ல மட்டும் சோலைக்காடு. அந்தப் புல்லில் தோடர்களோட எருமைகள் மேய்ஞ்சுக்கிட்டு இருந்தன. அவங்க குடியிருப்புக்குப் பேர் மந்து. 'ஒட்டகமண்ட்' என்ற பழைய பேரோட வால்ல ஒட்டிக்கிட்டிருக்கிறது அந்த மந்துதான்.

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஏறி வந்தார். குளிரைப் பார்த்ததும் ஆளுக்கு ஊர் ஞாபகம் வந்துடுச்சு. சில வருஷத்துல அங்கேயே கல் பங்களா கட்டினார். தோடர்கள்கிட்ட ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினதா சொல்வாங்க. சுவாரசியம் என்னன்னா, இந்த நிலம் தோடர்களுக்கு உரிமையானதுன்னு அரசாங்கத்துகிட்ட வாதாடினவரும் இதே சல்லிவன்தான். அந்த வாதம் எடுபடலை. வரி கணக்கு எழுதுற ஆளுக்கு, உழாத நிலம் என்றால் தரிசு. அவ்வளவுதான்.

இந்த 'தரிசு' என்ற ஒரு வார்த்தை செஞ்ச வேலையைப் பாருங்க. ஊர் பெருசாச்சு, பின்னாடி மெட்ராஸ் மாகாணத்தின் கோடைத் தலைநகராவும் ஆச்சு. குளிர் காய விறகு வேணும். சோலையை வெட்டினாங்க. சோலை மரம் மெதுவாத்தான் வளரும். அதனால சீக்கிரம் வளர்ற மரங்களை 1840-களில் கொண்டு வந்தாங்க. நட இடம்? அதான் 'சும்மா கிடக்கிற' புல்வெளி இருக்கே!

வெள்ளைக்காரனை மட்டும் திட்டிட்டுப் போக முடியாது. சுதந்திரத்துக்குப் பிறகு இது இன்னும் வேகமா நடந்தது. தோல் பதனிட சீகைப் பட்டை, விஸ்கோஸ் ஆலைக்குக் கூழ்மரம் என்று மலை மலையா நட்டது நாமதான்.

அந்தப் புல்வெளி சும்மா கிடக்கலை. மழையை வாங்கி வெச்சுக்கிட்டு, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமா ஓடைக்கு விட்டுக்கிட்டிருந்தது. பவானி ஆத்துக்கு அங்கிருந்துதான் தண்ணி வருது. பில்லூர் தண்ணி குடிக்கிற கோயம்புத்தூர் ஆளுங்களே, இது உங்க வீட்டுக் குழாய் விஷயம்.

நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பிறகு இப்போ வனத்துறை அந்நிய மரங்களை அகற்றிக்கிட்டு வருது. லேசான வேலை இல்லை. சீகையை வெட்டினாலும் மண்ணுல கிடக்கிற விதை பல வருஷம் கழிச்சுக்கூட முளைக்கும். புல்லை மறுபடி வளர்க்கணும்னா நாத்து நடுற மாதிரி ஒவ்வொரு தூரா நடணும். "மரத்தை வெட்டுறாங்களே!"ன்னு நம்ம மாதிரி டூரிஸ்டுங்க ரீல்ஸ் போடுவாங்க, அது தனி.

பழைய புல்வெளியைப் பார்க்கணும்னா, கூடலூர் ரோட்டுல ஷூட்டிங் ஸ்பாட் பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கு. முக்குருத்தி தேசியப் பூங்கா பக்கம் நிறைய இருக்கு, ஆனா அங்கே நினைச்சவுடனே போக முடியாது. வரையாடுகளுக்கு அதுதான் வீடு.

தாவரவியல் பூங்காவுக்குப் போனா, கண்ணாடி மாளிகையோட திரும்பிடாதீங்க. மேலே ஏறினா ஒரு தோடர் மந்து இருக்கு. வீடுங்க, ஆளுங்க வாழுற இடம். கேட்டுட்டு போட்டோ எடுங்க. தோடர் கோயில்களோட கூரையை வேய, சதுப்பு நிலத்துல வளர்ற ஒரு குறிப்பிட்ட புல் வேணும். இப்போ அந்தப் புல்லைத் தேடி அவங்க வெகுதூரம் போறாங்க.