பரம்பரை இல்லாத தொழில்

தகடூர் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் இரும்பு வருகிறது. இரும்பைக் காய்ச்சி அடித்தவன் வருவதில்லை. அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடப்பதைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு சொல்கிறது. அதை வைத்து அதியமானின் வீரத்தையும் ஔவையின் தூதுத் திறனையும் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. அந்தப் பட்டறைக்காரன் யார் என்ற கேள்வி நான் படித்த தமிழ் எம்.ஏ. வகுப்பில் ஒருநாளும் எழவில்லை.

2022இல் இந்தக் கதையாடலில் இன்னொரு அத்தியாயம் சேர்ந்தது. 2004 வரை தர்மபுரி மாவட்டத்தில் இருந்து, இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. ஆய்வு முக்கியமானதுதான். ஆனால் அதைத் தொடர்ந்து 'நாலாயிரம் ஆண்டு மரபின் வாரிசுகள் நாம்' என்றொரு சொல்லாடல் மேடைதோறும் கேட்கிறது. யார் இந்த 'நாம்'? தொழிலுக்கு 'வாரிசு' என்றால் என்ன பொருள்?

இதே மண் இதற்கு ஒரு பதிலைக் கண்டிருக்கிறது. ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1953இல் ஆரம்பக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம். மீதி நேரம் அப்பன் தொழில். 'குலக்கல்வி' என்று எதிர்ப்பு மூண்டது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1950இல், மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டமோ (ஐ.டி.ஐ.களுக்கு அடிப்படை அதுதான்) எதிர்த்திசையில் நடந்தது. அங்கேயும் சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள், இடஒதுக்கீட்டுக்காக. இன்னார் பிள்ளைக்கு இன்ன தொழில் என்று பிரித்துக் கொடுக்க அல்ல.

வெல்டிங் இந்த வகையில் விசேஷமானது. மின்வில்லால் உலோகத்தை ஒட்டும் முறையை ரஷ்யப் பேரரசில் பெனார்டோஸ் உருவாக்கியது 1880களில். எந்த சாஸ்திரமும் இதற்கு ஒரு சாதியை எழுதி வைத்திருக்க முடியாது. எட்டாவது தேறியிருந்தால் சேரலாம், ஓராண்டுப் படிப்பு. ராடை இரும்பில் உரசிப் பொறி பிடிக்க வேண்டும். அது ஒட்டிக்கொள்ளவும் கூடாது, அணையவும் கூடாது. அந்த இடைவெளியைக் கை காக்க வேண்டும். மேலே படிந்த கசடைத் தட்டி எடுத்தால்தான் ஒட்டு சரியாக விழுந்ததா என்று தெரியும். இந்தக் கைப்பழக்கம் யார் ரத்தத்திலும் இல்லை.

பாலக்கோட்டுப் பக்கத்துப் பயிற்சி மாணவன் ஒருவன் என்னிடம் சொன்னான்: "எங்கப்பா காட்டு வேலைங்க சார். இது எங்க வூட்ல யாருக்கும் தெரியாது. நான்தான் மொதல்ல." அந்த 'மொதல்ல'வை நான் ஒரு வரலாற்றுக் கூற்றாகவே வாசிக்கிறேன். நாலாயிரம் ஆண்டுப் பெருமையை அவன் தலையில் ஏற்றினால் இந்த 'முதல்' அழிந்துபோகும்; திரும்பவும் அவன் யாரோ ஒருவருடைய வாரிசாகிவிடுவான்.

இதனால் வெல்டிங் விடுதலை தந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. படித்து முடித்து ஆலைக்குப் பழகுநராகப் போகிறவனை 1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டம் 'பயிற்சி பெறுபவர்' என்கிறது. தொழிலாளி என்று ஏற்பதில்லை. பெரும்பாலான தொழிலாளர் சட்டங்கள் அவனுக்கு இல்லை. வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வகைப்படுத்தியது. சின்னப் பட்டறைகளில் இன்றும் வெறும் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை பார்க்கிறவர்களைக் காணலாம்.

ஊர் இன்னும் கொடியது. 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி கடந்த திருமணத்தைக் காரணம் காட்டி, நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன. வெளியூர் போய் உழைத்து அந்த மக்கள் கட்டிய வீடுகள் அவற்றில் பல. பட்டறையில் சாதி கேட்காத தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். அந்தக் கூலியில் ஊரில் சுவர் எழுப்பினால் சாதி வந்து கேட்கிறது.

தகடூர் இரும்பின் வரலாற்றை எழுதப்போகும் நண்பர்கள் அகழாய்வுக் குழியோடு நின்றுவிட வேண்டாம். ஐ.டி.ஐ. சேர்க்கைப் பதிவேடு, பழகுநரின் உதவித்தொகை, அவன் மூச்சில் போகும் புகை, அவன் கட்டும் வீடு: இவையும் இந்த மாவட்டத்தின் இரும்புக் காலச் சான்றுகளே.