20 மணி 20 நிமிடம்

அலாஸ்காவின் வடக்கு நுனியில் உட்கியாக்விக் என்று ஓர் ஊர். 2016 வரை பேரோ என்று பெயர். வட துருவத்துக்கு அந்தப் பக்கம் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் லாங்யியர்பியன் இருக்கிறது. இரண்டு ஊரிலும் ஜெட் விமானம் இறங்குகிறது. உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்தால் நடுவில் சுமார் 3,380 கிலோமீட்டர். ஜெட்டுக்கு நாலேகால் மணி நேரம் போதும்.

ஆனால் டிக்கெட் போட்டுப் பாருங்கள்! நேரடி விமானம் கிடையாது. ஆங்கரேஜ் போய், சியாட்டில் வரை தெற்கே இறங்கி, அட்லாண்டிக்கைத் தாண்டி, ஆஸ்லோ பிடித்து மறுபடியும் வடக்கே ஏற வேண்டும். பறக்கும் நேரம் மட்டுமே ஏறக்குறைய 20 மணி. காத்திருப்பது தனிக்கணக்கு.

இதே தூரத்தை 1928-இலேயே இரண்டு பேர் நேராகப் பறந்து கடந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியரான ஹியூபர்ட் வில்கின்ஸ், அமெரிக்க விமானி கார்ல் பென் ஐல்சன். வில்கின்ஸ் தன்னிடமிருந்த மூன்று எஞ்சின் ஃபாக்கரை விற்றுவிட்டு, ஒற்றை எஞ்சின் லாக்ஹீட் வேகா வாங்கினார். (விற்ற விமானம்தான் அதே வருடம் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித்தோடு பசிபிக்கைக் கடந்த 'சதர்ன் கிராஸ்'. நல்ல வியாபாரம்!)

ஏப்ரல் 15 அன்று பேரோவில் கிளம்பினார்கள். வழியில் புது நிலம் ஏதாவது தென்படுகிறதா என்று தேடிக்கொண்டே போனதால் பாதை நீண்டு சுமார் 3,500 கிலோமீட்டர் ஆனது. காந்த துருவம் பக்கத்திலேயே இருப்பதால் திசைகாட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. வில்கின்ஸ் அடிக்கடி கணக்குப் போட்டுத் திசை மாற்றச் சொன்னார். 20 மணி 20 நிமிடம் கழித்து, புயலுக்கு நடுவே, ஆளில்லாத ஒரு தீவில் இறங்கினார்கள். அதன் பெயர் 'செத்தவன் தீவு'. ஐந்து நாள் அங்கேயே அடைபட்டுக் கிடந்தார்கள்.

திரும்பக் கிளம்பும்போதுதான் கூத்து. பனியில் ஒட்டிய விமானத்தை ஒருவர் வெளியே நின்று தள்ள வேண்டும். வில்கின்ஸ் தள்ளினார், விமானம் அவரை விட்டுவிட்டுப் பறந்துவிட்டது! ஐல்சன் சுற்றித் திரும்பி வந்தார். மூன்றாவது முயற்சியில்தான் இருவரும் சேர்ந்து கிளம்ப முடிந்தது.

வில்கின்ஸுக்கு அந்த வருடமே 'சர்' பட்டம். ஐல்சன் மறு வருடம் நவம்பரில், சைபீரியக் கரையில் பனியில் சிக்கிய கப்பலிலிருந்து ஆட்களையும் ரோமத் தோல்களையும் ஏற்றிவரும் கான்ட்ராக்டில் பறந்தபோது விழுந்து இறந்தார். வயது 32.

இத்தனைக்குப் பிறகும் ஏன் நேரடி விமானம் இல்லை? தொழில்நுட்பக் குறை இல்லவே இல்லை. இரண்டுமே சில ஆயிரம் பேர் வாழும் ஊர்கள். இங்கிருந்து அங்கே போக யாருக்கு என்ன வேலை? சீட் நிரம்பாத விமானத்தை எந்தக் கம்பெனி விடும்? நாங்கள் காமர்ஸ் வகுப்பில் படிக்கும் டிமாண்ட் கதைதான்.

2022-இல் ரஷ்யா தன் வான்வெளியை மூடியதும், ஃபின்ஏர் தன் டோக்கியோ - ஹெல்சின்கி விமானங்களை அலாஸ்கா பக்கமாக, வட துருவத்தைத் தாண்டி விட ஆரம்பித்தது. ஒன்பது மணி நேரப் பயணம் பதின்மூன்றானது. ஐல்சன் பறந்த அதே துருவக் கடல்மேல் நூற்றுக்கணக்கானவர்கள் தூங்கிக்கொண்டே போகிறார்கள். இரண்டு ஊரிலும் அது நிற்பதில்லை.