வடிவத்துக்குள் அடங்காத பெயர்கள்

ரெகுலர் எக்ஸ்பிரஷனின் வரலாற்றைச் சொல்பவர்கள் ஸ்டீபன் கிளீனியிடம் தொடங்குவார்கள். நரம்பு வலைகளைப் பற்றி 1951இல் அவர் எழுதிய கட்டுரை 1956இல் அச்சானது. 1968இல் கென் தாம்சன் அந்தக் கணிதத்தை உரைத் தேடலுக்குக் கொண்டுவந்தார். 1973இல் யூனிக்ஸில் கிரெப் வந்தது. பெரும்பாலான கதைகள் லொரிண்டா செர்ரியைத் தொடாமலே அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகின்றன.

செர்ரி பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். சொல்லின் விகுதியையும் அக்கம்பக்கச் சொற்களையும் பார்த்தே அது பெயரா வினையா என்று கணிக்கும் நிரலை எழுதினார். அதன்மேல் எழுந்ததுதான் 'ரைட்டர்ஸ் வொர்க்பெஞ்ச்' என்ற தொகுப்பு. அதில் 'செக்ஸிஸ்ட்' என்றே பெயரிட்ட ஒரு நிரலும் இருந்தது: பெண்களைத் தாழ்த்தும் சொற்றொடர்களை உரையில் தேடிக் காட்டுவது அதன் வேலை. வடிவம் தேடும் கருவியை இப்படியும் திருப்ப முடியும் என்பதை நம் பாடநூல்கள் ஏன் சொல்வதில்லை?

ஜாவா மொழிக்கு இந்த வசதி 2002இல், 1.4 பதிப்பில்தான் வந்தது. அங்கே வடிவம் ஒரு பொருள், 'பேட்டர்ன்' வகுப்பின் பொருள். 'நியூ' போட்டு அதை உருவாக்க முடியாது. 'கம்பைல்' என்ற முறையை அழைத்துத்தான் பெற வேண்டும். உருவான பின் அது மாறாது. ஒருமுறை எழுதிய வடிவம் ஆயிரக்கணக்கான பெயர்களைச் சோதிக்கும். எழுதியவரின் அனுமானமும் அத்தனை முறை ஓடும்.

அனுமானம் என்ன என்று பார்ப்போம். 'சொல்லெழுத்து' என்று ஜாவா இயல்பாக எண்ணுவது ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு, அவ்வளவே. 'மீனா' அதில் தேறமாட்டாள். சரி, யூனிகோட் எழுத்து எல்லாவற்றையும் ஏற்கச் சொன்னால்? அப்போதும் தேறமாட்டாள். யூனிகோடில் ம, ன இரண்டும் எழுத்துகள். ஈகாரக் குறியும் காலும் எழுத்தல்ல, 'குறி'. புள்ளிக்கும் அதே கதி. குறிகளையும் சேர்த்துக்கொள்ளும் விருப்பக்கொடி 2011இல் ஜாவா 7இல் வந்தது, ஆனால் கேட்டால்தான் விரியும்.

எழுத்து தேறினாலும், முதற்பெயர், குடும்பப்பெயர், ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டெழுத்து என்று வடிவம் கேட்டால் நம் இனிஷியல் நுழையாது. அந்தக் கட்டத்தை நிரப்ப அப்பா பெயரை முழுதாக எழுதுகிறோம். கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரை. அம்மாவின் பெயரை இனிஷியலாக வைத்திருப்பவளுக்கும் அந்தப் படிவத்தில் வழியில்லை. திருத்தம் என்னவோ சின்னதுதான்: எழுத்தோடு குறியையும் ஏற்பது, இரண்டெழுத்துக் கட்டாயத்தை நீக்குவது, இரண்டாம் கட்டத்தைக் காலியாக விட அனுமதிப்பது.