பருவமழையின் மேல் போட்ட பழி: பெங்களூரும் இறக்கைப் பழுதின் வரலாறும்

ஈஜிபுராவிலிருந்து பழைய எச்.ஏ.எல். விமான நிலையம் சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. 2008 மே மாதத்தில் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டதும் பயணிகள் விமானங்கள் அங்கே இடம்பெயர்ந்தன. பழைய ஓடுபாதை சோதனை விமானங்களுக்கும், படை விமானங்களுக்கும், பெருநிறுவனத் தலைவர்களையும் அரசியல்வாதிகளையும் சுமந்துவரும் சிறு ஜெட் விமானங்களுக்கும் உரியதாயிற்று. அத்தகைய ஜெட் ஒன்றின் இறக்கையில் ஏதேனும் ஒரு பாகம் பழுதுள்ளது என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இன்று திட்டமான நடைமுறை உண்டு. உற்பத்தியாளர் அறிவிக்கை வெளியிடுவார். அந்த விமானத்தை வடிவமைத்த நாட்டின் கட்டுப்பாட்டு அமைப்பு பறத்தகுதி ஆணை பிறப்பிக்கும். எந்த வரிசை எண் முதல் எந்த வரிசை எண் வரை, எத்தனை பறப்பு மணிக்குள், எந்தப் பாகத்தைக் கழற்றி எதைப் பொருத்த வேண்டும் என்பதெல்லாம் அந்த ஆணையில் இருக்கும். அதை நிறைவேற்றாத விமானம் சட்டப்படி பறக்க முடியாது.

இந்த ஒழுங்கு இயல்பாக உருவானதன்று. பழுது எங்கிருந்து வந்தது, அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை நேர்மையாகக் கேட்கக் கற்றுக்கொள்ள விமான உலகுக்குப் பல பத்தாண்டுகளும் பல உயிர்களும் தேவைப்பட்டன. அந்தக் கல்வியின் ஓர் ஆரம்ப அத்தியாயம் 1944-இல் இந்தியாவில் நிகழ்ந்தது. அதில் பெங்களூருக்கும் பங்குண்டு.

இரண்டாம் உலகப் போரின் நடுவில் பிரிட்டனின் டி ஹேவிலண்ட் நிறுவனம் உருவாக்கிய மாஸ்கிட்டோ, மரத்தால் ஆன போர் விமானம். 1940 நவம்பர் 25 அன்று அது முதன்முதலாகப் பறந்தது. உடற்பகுதி, மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே எடையற்ற பால்சா மரத்தை வைத்து ஒட்டிய அடுக்கு. இறக்கை, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே துண்டு. ஸ்பார் எனப்படும் முதன்மைச் சட்டங்களின் மேல் ஒட்டுப்பலகைத் தோலைப் பசையாலும் திருகாணிகளாலும் பொருத்தியிருந்தார்கள். அலுமினியம் கிடைப்பதற்கு அரிதாயிருந்த காலத்தில், அறைகலன் செய்யும் பட்டறைகளையும் தச்சர்களையும் போர்த்தொழிலுக்குள் கொண்டுவந்த வடிவமைப்பு அது. முதலில் பயன்பட்ட பசை கேசீன், அதாவது பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதம். பின்னர் கேம்பிரிட்ஜுக்கு அருகே டக்ஸ்ஃபர்டில் நார்மன் டி புரூய்ன் நடத்திய ஏரோ ரிசர்ச் நிறுவனத்தின் யூரியா-ஃபார்மால்டிஹைடு பசை அதன் இடத்தைப் பிடித்தது.

பர்மாப் போர்முனைக்காக 1944-இல் மாஸ்கிட்டோக்கள் இந்தியாவுக்கு வந்தன. பிரிட்டிஷ் விமானப்படையின் பிரிவுகள் பழைய விமானங்களை விட்டு மாஸ்கிட்டோவுக்கு மாறுவதற்கான பயிற்சிக்களமாகப் பெங்களூருக்கு வடக்கேயுள்ள எலஹங்கா அமைந்தது. 1672ஆம் எண் கொண்ட மாஸ்கிட்டோ பயிற்சிப் பிரிவு அங்கேதான் இயங்கியது. கோலாரிலும் பிரிவுகள் தங்கின. நகரின் கிழக்கே, வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையுடன் 1940 டிசம்பரில் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை அதற்குள் போர்க்காலப் பழுதுபார்ப்பு மையமாக மாறியிருந்தது. அமெரிக்க விமானப்படையின் மேற்பார்வையில் நேச நாடுகளின் விமானங்கள் அங்கே செப்பனிடப்பட்டன. கன்டோன்மென்ட் பகுதியின் தமிழ் பேசும் மக்களில் பலர் தொழிற்சாலை வேலைக்குள் நுழைந்த காலமும் அதுவே. பெங்களூரை விமான நகரமாக்கியது போர்தான்.

1944-இன் இறுதியில் கிழக்கு முனையிலிருந்த மாஸ்கிட்டோக்கள் வானிலேயே உடைந்து விழத் தொடங்கின. இறக்கையின் மேல்தோல் ஸ்பாரிலிருந்து பிரிந்து எழுந்துவிட்டதாகத் தெரிந்தது. வெப்பமும் பருவமழை ஈரமும் பசையைக் கெடுத்துவிட்டன என்பதே முதல் ஊகம். விமானங்கள் நிறுத்தப்பட்டு ஆய்வுக்கு உள்ளாயின. நிறுவனத்தின் சார்பில் மேஜர் ஹியர்வர்டு டி ஹேவிலண்ட் தலைமையிலான குழு இந்தியாவுக்கு வந்தது. டிசம்பர் தொடக்கத்தில் அது அளித்த அறிக்கை, பசை கெடவில்லை என்றும், மழைக்காலத்தில் மரச்சட்டகம் அளவில் மாறியதே விபத்துகளுக்குக் காரணம் என்றும் கூறியது. குற்றவாளி வானிலை என்று தீர்ப்பாயிற்று.

கேபட், மையர்ஸ் ஆகிய இருவரும் பின்னர் நடத்திய விசாரணை இதை மறுத்தது. பிழை உற்பத்தியில் இருக்கிறது என்பது அவர்கள் முடிவு. பிரிட்டனின் விமான உற்பத்தி அமைச்சகம் டெஃபர்டில் நடத்திய மற்றொரு ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. அங்கே பல மாஸ்கிட்டோக்களில் ஒத்த குறைபாடுகள் கண்டறியப்பட்டன. அவை டி ஹேவிலண்டின் ஹாட்ஃபீல்டு, லீவ்ஸ்டன் ஆலைகளில் உருவானவை. அவற்றில் ஒன்றுகூடப் பருவமழையைக் கண்டதில்லை, கறையானையும் கண்டதில்லை. ஒட்டும் வேலையின் தரமே குறைந்திருந்தது. கட்டுப்பாட்டை இழந்து விழும் விபத்துகள் பிற விமான வகைகளைவிட மாஸ்கிட்டோவில் மூன்று மடங்கு மிகுதி என்பதையும் அன்றைய பதிவுகள் காட்டின.

ஆயினும் விமானத்தின் மீதான நம்பிக்கை குலைந்துவிடக் கூடாது என்பதற்காகப் பிரிட்டிஷ் விமான அமைச்சகம் முதல் அறிக்கையையே பற்றிக்கொண்டது. பெரும்பாலும் வானிலையே காரணம் என்பது அதிகாரபூர்வ நிலைப்பாடாகத் தொடர்ந்தது. ஈரம் உள்ளே புகாதபடி, இறக்கைத் தோல் இணையும் கோட்டின் முழு நீளத்துக்கும் ஓர் ஒட்டுப்பலகைப் பட்டையை ஒட்டி மூடுவது தீர்வாக ஏற்கப்பட்டது.

இங்கே வரலாற்று மாணவர் நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டை பயனற்றதன்று. ஈரத்தை அது தடுத்திருக்கும். மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும் என்பதும் உண்மை. ஆனால் காரணத்தை எங்கே வைக்கிறோமோ அங்கேதான் தீர்வும் போய் நிற்கும். வானிலை குற்றவாளியானால், வெப்பமண்டலத்துக்குப் போகும் விமானங்களை மட்டும் மூடி ஒட்டினால் போதும். ஆலை குற்றவாளியானால், அந்த ஆலைகளிலிருந்து வந்த ஒவ்வோர் இறக்கையையும், அது எந்த நாட்டில் பறந்தாலும், தேடிப் பிடித்துச் சோதிக்க வேண்டும். முதல் விளக்கம் பழுதைப் புவியியலாக்குகிறது. இரண்டாவது விளக்கம் அதை வரிசை எண்ணாக்குகிறது. இந்தியாவின் வெயிலையும் மழையையும் நோய்க்கும் சோம்பலுக்கும் மூலமாகக் காட்டிப் பழகிய காலனிய மனத்துக்கு முதல் விளக்கம் எளிதாகக் கைவந்ததில் வியப்பில்லை. வானிலையை விசாரணைக் கூண்டில் ஏற்ற முடியாது. அது மறுத்துப் பேசாது.

தொழில்நுட்பரீதியாகவும் ஒரு சிக்கல் இருந்தது. ஒட்டு என்பது வெளியே தெரியாதது. ஆணி தளர்ந்தால் கண்ணுக்குத் தெரியும், தகடு வளைந்தால் கைக்குத் தெரியும். இரண்டு பலகைகளுக்கு நடுவே பசை சரியாகப் பரவியதா, போதிய அழுத்தத்தில் இறுகியதா என்பதை, பிரித்துப் பார்க்காமல் அன்று அறிய வழியில்லை. ஆகவே பாதுகாப்பு, ஒட்டியவரின் கைத்திறனிலும் அதைக் கண்காணித்தவரின் நேர்மையிலும் தங்கியிருந்தது. போர்க்கால அவசரத்தில் இவ்விரண்டும் நெருக்கடிக்கு உள்ளாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

போருக்குப் பின் பசை மரத்தை விட்டு உலோகத்துக்குச் சென்றது. டி புரூய்னின் ரெடக்ஸ் பசை உலோகத்தை உலோகத்தோடு ஒட்டியது. 1945 செப்டம்பரில் முதலில் பறந்த டி ஹேவிலண்ட் டவ் என்னும் சிறு விமானம் அதைப் பரவலாகப் பயன்படுத்தியது. நிறுவன நிர்வாகிகளையும் முக்கியப் பிரமுகர்களையும் ஏற்றிச்செல்லும் விமானமாக டவ் பல நாடுகளில் புகழ்பெற்றது. அதன் படை வடிவமான டெவான் இந்திய விமானப்படையிலும் பணியாற்றியது. பின்னர் 1962 ஆகஸ்ட் 13 அன்று அதே நிறுவனத்தின் டி.எச்.125 பறந்தது. ஹாக்கர் என்ற பெயரில் பின்னாளில் இந்தியத் தொழிலதிபர்களும் பயன்படுத்திய வணிக ஜெட் குடும்பத்தின் மூதாதை அது. மாஸ்கிட்டோவின் இறக்கையை ஒட்டிய நிறுவனமே வணிக ஜெட் யுகத்தையும் தொடங்கிவைத்தவற்றுள் ஒன்று.

பசையின் இடத்தை இப்போது இன்னொரு மறைபொருள் பிடித்தது. அதுதான் உலோகச் சோர்வு. ஒரே சுமை மீண்டும் மீண்டும் ஏறி இறங்கும்போது, அந்தச் சுமையைத் தாங்கவல்ல உலோகத்திலும் நுண்ணிய விரிசல் தோன்றி வளரும். 1945 ஜனவரி 31 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஸ்டின்சன் விமானம் ஒன்று இறக்கை முறிந்து விழுந்து 10 பேர் இறந்தனர். 1951 அக்டோபர் 15 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லி அருகே ஒரு டவ் விமானம் இறக்கைச் சட்டத்தின் சோர்வால் உடைந்தது. அதில் 7 பேர் இறந்தனர். இவற்றிலிருந்து பாதுகாப்பான ஆயுள் என்னும் கோட்பாடு வலுப்பெற்றது. இறக்கைச் சட்டத்துக்கு இத்தனை மணி நேரம் அல்லது இத்தனை பறப்பு என்று வரையறுத்து, அது முடிந்ததும், பாகம் நலமாகவே தோன்றினாலும், கழற்றிப் புதியதைப் பொருத்துவது அந்தக் கோட்பாடு.

இதுவும் போதவில்லை. 1968 டிசம்பர் 31 அன்று போர்ட் ஹெட்லண்ட் அருகே விக்கர்ஸ் வைக்கவுண்ட் ஒன்று இறக்கை முறிந்து விழுந்து 26 பேர் இறந்தனர். இந்தியன் ஏர்லைன்ஸ் 1957 முதல் பறக்கவிட்டதும் இதே வகை விமானந்தான். முறிந்த சட்டத்துக்கு வகுத்திருந்த ஆயுள் இன்னும் முடியவில்லை. பராமரிப்பின்போது ஒரு துளைக்குள் தவறான முறையில் செருகப்பட்ட சிறு புஷ் ஒன்று உலோகத்தைக் காயப்படுத்தி, விரிசலுக்கு வித்திட்டிருந்தது. கணக்கு சரியாயிருந்தது. கை தவறிவிட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்-111 போர் விமானம் ஒன்று உற்பத்தியிலேயே ஏற்பட்ட விரிசலால் இறக்கையை இழந்தது. ஒவ்வொரு பாகத்திலும் கண்ணுக்குத் தப்பிய குறை ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அது ஆபத்தாக வளருமுன் கண்டுபிடிக்கும்படி ஆய்வு இடைவெளிகளை வகுக்க வேண்டும் என்ற சிந்தனை இதன்பின் வந்தது. 1978-இல் அமெரிக்கப் பெருவிமான விதிகளில் அது இடம்பெற்றது. குறையற்ற ஆலை என்று ஒன்று இல்லை என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட தருணம் அது. மாஸ்கிட்டோ விசாரணையில் அதிகாரம் ஒப்புக்கொள்ள மறுத்ததும் அதையேதான்.

இந்தச் சிந்தனைக்குப் பெங்களூரிலும் வேர் விட்டது. 1959-இல் தொடங்கிய தேசிய வானூர்தி ஆய்வகத்தின் முதல் இயக்குநர் பி. நீலகண்டன். 1965 முதல் 1984 வரை இயக்குநராக இருந்த எஸ்.ஆர். வள்ளூரி, அமெரிக்காவின் கால்டெக்கில் உலோகச் சோர்வை ஆராய்ந்தவர். இறக்கைகளை ஆய்வுக்கூடத்தில் கட்டிவைத்து, ஆயிரக்கணக்கான பறப்புகளின் சுமையைச் செயற்கையாக ஏற்றி இறக்கி, எங்கே எப்போது விரிசல் விடும் என்று காணும் பணி இங்கே வளர்ந்தது. இறக்குமதி வடிவமைப்புகளின் ஆயுளை இறக்குமதி நாட்டின் சொல்லாலேயே ஏற்றுக்கொள்ளாமல், இந்தியப் பறத்தல் முறைக்கேற்ப அளந்தறியும் தன்னம்பிக்கை அதில் இருந்தது. இந்த முறை வானிலை சாக்காக நிற்கவில்லை. அளக்கப்பட வேண்டிய தரவாக வந்து நின்றது.

இன்றைய வணிக ஜெட்டுகளுக்கு வருவோம். 2019-இல், டமராக் நிறுவனத்தின் அசையும் இறக்கைநுனிச் சாதனம் பொருத்திய செஸ்னா சைட்டேஷன் விமானங்களை, மாற்றங்கள் செய்யும்வரை பறக்கவிடக் கூடாது என ஐரோப்பிய, அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்புகள் ஆணையிட்டன. தீர்வின் ஒரு பகுதி, அசையும் பரப்பின் பின்விளிம்பில் பொருத்தும் சிறு பட்டைகள். 1944-இல் ஒட்டியதும் ஒரு பட்டைதான். வேறுபாடு பட்டையில் இல்லை. எந்த விமானம், எந்தச் சாதனம், யார் செய்ய வேண்டும், எந்நாளுக்குள் என்பதெல்லாம் பொதுவெளியில் எழுதப்பட்டு, எவரும் படிக்கும்படி இருந்ததே வேறுபாடு.

இந்த ஒழுங்கின் எல்லை எங்கே முடிகிறது என்பதை ஈஜிபுராவே காட்டுகிறது. நலிந்த பிரிவினருக்காக மாநகராட்சி கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் இங்கே இருந்தன. கட்டடங்கள் நலிந்து, சில பகுதிகள் இடிந்தும் விழுந்தன. 2013 ஜனவரியில் அங்கே எஞ்சியிருந்த வீடுகள் இடிக்கப்பட்டன. ஏறத்தாழ 1,500 குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. பழுதுள்ள இறக்கைப் பாகத்துக்கு வரிசை எண் உண்டு, செய்தவர் பெயர் உண்டு, மாற்றித் தரும் கடமை உண்டு. பழுதுள்ள சுவருக்கு அவை எதுவும் இருக்கவில்லை. அங்கே மாற்றப்பட்டது பாகம் அன்று, அதில் வாழ்ந்த மக்கள்.

பொறியியல் வரலாற்றைக் கருவிகளின் முன்னேற்றமாக மட்டும் எழுதுவது வழக்கம். மாஸ்கிட்டோ முதல் இன்றுவரையிலான இந்த வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. பால் பசை போய்ச் செயற்கைப் பசை வந்ததும், மரம் போய் உலோகம் வந்ததும் முன்னேற்றமே. ஆனால் உயிர்களைக் காத்த பெரிய மாற்றம், பழுதின் காரணத்தை மழையிலும் விதியிலும் தேடுவதை விட்டு, அது உருவான ஆலையிலும் பட்டறையிலும் ஏட்டிலும் தேடத் தொடங்கியதுதான். அந்தத் தேடல் யாருடைய பாதுகாப்புக்காக நடக்கிறது, யாருக்காக நடப்பதில்லை என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. நகர வரலாறும் தொழில்நுட்ப வரலாறும் சேர்ந்து விடை காண வேண்டிய கேள்வி அது.