மின்சார ரதமும் அதன் சாரதியும்

நியூயார்க் நகரில் மத்தியப் பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டிச் செல்லும் வீதியும் 74-ஆம் தெருவும் கூடுமிடத்தில், 1899-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 13-ஆம் தேதி, டிராம் வண்டியை விட்டு இறங்கிய ஹென்ரி பிளிஸ் என்ற கனவான் அவ்வழியே வந்த வாடகை மோட்டார் ஒன்றால் தாக்குண்டு விழுந்து, மறுநாள் காலையில் உயிர் துறந்தார். அமெரிக்க தேசத்தில் மோட்டார் வாகனத்தால் மாண்டவர்களின் நீண்ட ஜாபிதாவில் முதல் பெயராக அவருடைய பெயரையே சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது. அவரைத் தாக்கியது பெட்ரோல் வண்டி என்று வாசகர் எண்ணக்கூடும். உண்மையில் அது மின்சார வண்டி. சாரதி கைது செய்யப்பட்டு, அறிந்து செய்த குற்றமன்று என்ற காரணத்தால் விடுதலை பெற்றான். இந்தச் சாவினால் ஜனங்கள் மின்சார வண்டியை வெறுத்தார்களா என்றால், இல்லை என்றே சொல்லவேண்டும். அவர்கள் மனம் கசந்தது வேறொரு காரணத்தால். தானே வழி பார்த்து ஓடும் மின்சாரக் கார்களை உலகம் இன்று அரை நம்பிக்கையோடும் அரைச் சந்தேகத்தோடும் பார்த்து நிற்கும் காலத்தில், அந்தப் பழைய காரணத்தை விசாரிப்பது வீண் வேலை ஆகாது.

அந்நாளில் மின்சாரத்துக்கு இருந்த மதிப்பை இன்று கற்பனை செய்வதுகூடக் கடினம். 1900-இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட 4,192 மோட்டார் வண்டிகளுள் நீராவியால் ஓடுவன 1,681. மின்சாரத்தால் ஓடுவன 1,575. பெட்ரோல் வண்டிகளோ 936 மாத்திரமே. நீராவி வண்டியில் ஏறுவதற்கு முன் கொதிகலன் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். பெட்ரோல் வண்டியோ, இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றுகிறவனின் மணிக்கட்டையே முறித்துவிடக்கூடிய துஷ்டப் பிராணி. புகையும் நாற்றமும் உதறலும் அதன் கூடப்பிறந்தவை. இவற்றுக்கு நடுவே, விசையைத் திருப்பியதும் பூனைபோல் நகர்ந்து செல்லும் மின்சார வண்டி கனவான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் உகந்த வாகனமாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை வீதியில் ஓடும் வாகனம் முதன்முதலில் தாண்டியதும், அதே 1899-இல் பாரிஸ் நகருக்கு அருகில் காமில் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியர் செலுத்திய மின்சார வண்டியில்தான்.

யந்திர வண்டிக்கு முன்னால் செங்கொடி பிடித்த ஆள் ஒருவன் நடந்து செல்ல வேண்டும் என்று 1865-இல் சட்டம் செய்து, முன்னால் ஆள் நடக்கும் அந்தச் சம்பிரதாயத்தை 1896-இல்தான் முற்றும் கைவிட்ட இங்கிலாந்திலேயும், மறு வருஷமே வால்டர் பெர்ஸி என்ற இளைஞரின் மின்சார வாடகை வண்டிகள் லண்டன் வீதிகளில் இறங்கின. கறுப்பும் மஞ்சளுமாக வர்ணம் பூசப்பட்டு மெல்லிய ஓசையோடு சென்ற அவற்றை ஜனங்கள் ரீங்காரக் குருவிகள் என்று செல்லமாக அழைத்தார்கள். அவை ஓடத் தொடங்கிய ஒரு மாதத்துக்குள், மது மயக்கத்தில் அவற்றில் ஒன்றை ஒரு கட்டிடத்தின்மீது மோதிய சாரதி ஒருவன் இருபது ஷில்லிங் அபராதம் செலுத்தி, குடித்துவிட்டு மோட்டார் ஓட்டிய குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற முதல் மனிதன் என்ற கீர்த்தியை அடைந்தான். அதற்காகவும் யாரும் வண்டியைக் குறை கூறவில்லை. ஆனால் நாளாக ஆக வண்டிகளின் அதிர்வும் இரைச்சலும் மிகுந்தன. கனத்த பாரத்தைத் தாங்காமல் டயர்கள் தேய்ந்தன. குருவிகளின் ரீங்காரம் 1899-இல் அடங்கிவிட்டது.

இங்கே ஒரு சிறு விலகல். சந்தைக்குப் போய் இரவில் திரும்பும் நம் நாட்டு வண்டிக்காரன், தலைப்பாகையைத் தலைக்கு அணையாக வைத்துக்கொண்டு அயர்ந்து தூங்க, மாடுகள் தாமாகவே வழியறிந்து வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவதைக் கண்ட தலைமுறை இன்னும் முற்றும் மறைந்துவிடவில்லை. லண்டன் குதிரைக்கும் அந்தப் புத்தி உண்டு. ஆகவே தானே ஓடும் வாகனம் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் அபூர்வம் என்று நினைப்பது சரியன்று. குதிரையை அவிழ்த்துவிட்டு மோட்டாரைப் பூட்டியபோதுதான் வாகனம் தன் புத்தியை இழந்தது. அன்று அவிழ்த்துவிட்ட புத்தியைத்தான் இன்று மென்பொருளாகத் திரும்பப் பூட்டப் பார்க்கிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு: மாட்டின் குணத்தை வண்டிக்காரன் பல வருஷம் கூடப் பழகி அறிந்திருந்தான், மாட்டை விற்ற தரகன் சொன்னதை நம்பி அவன் தூங்கவில்லை.

நியூயார்க்கின் கதை லண்டன் கதையைக் காட்டிலும் பெரியது, வருந்தத்தக்கதும்கூட. பிலடெல்பியாவைச் சேர்ந்த மாரிஸ், சாலம் என்ற இருவர் 1897-இல் ஏறக்குறைய ஒரு டஜன் மின்சார வாடகை வண்டிகளோடு அங்கே தொழில் தொடங்கினார்கள். அவர்களுடைய ஸ்தாபனத்தை, பாட்டரி செய்யும் கம்பெனியின் அதிபரான ஐசக் ரைஸ் விரைவில் வாங்கி, எலெக்ட்ரிக் வெஹிகிள் கம்பெனி என்று பெயரிட்டார். பிராட்வே வீதியில் பனிச்சறுக்கு விளையாட்டு நடந்த பழைய கூடத்தையே கொட்டகையாக மாற்றி, சக்தி தீர்ந்து வரும் வண்டியை நிறுத்தி, ஆட்கள் கையால் அசைக்கவும் இயலாத பாட்டரித் தொகுதியை யந்திரத்தால் இழுத்தெடுத்து, புதிதாகச் சக்தி ஏற்றிய தொகுதியைச் சில நிமிஷங்களில் செருகி அனுப்பினார்கள். சீனாவில் நியோ போன்ற கம்பெனிகள் இன்று பெருமையோடு செய்துவரும் பாட்டரி மாற்று வித்தை, நூற்றிருபது வருஷங்களுக்கு முன் நடைமுறையில் இருந்தது. வண்டிகள் கம்பெனியின் சொந்தம்; பயிற்சி பெற்ற ஆட்கள் ஒரே கொட்டகையில் அவற்றைப் பேணினார்கள்; பாட்டரியின் சக்திக்கு மிஞ்சிய தூரத்துக்கு யாரும் அனுப்பப்படவில்லை. இந்த அடக்கமே அத்தொழிலின் உயிர்நிலை என்பது என் அபிப்பிராயம்.

அந்த அடக்கத்தைக் குலைத்தவர்கள் பணக்காரர்கள். டிராம் பாதைகளால் பெருஞ்செல்வம் திரட்டிய வில்லியம் விட்னி என்பவர் 1899-இல் தம் கூட்டாளிகளோடு கம்பெனிக்குள் நுழைந்து, பல நகரங்களிலும் ஆயிரக்கணக்கான மின்சார வண்டிகள் ஓடப்போவதாக விளம்பரம் செய்து, பங்குகளை விற்று, பாஸ்டன், சிகாகோ முதலிய ஊர்களில் கிளைகளை ஸ்தாபித்தார். வண்டிகள் பெருகின, அவற்றைப் பேணும் ஆட்களின் திறமை பெருகவில்லை. ஈயத் தகடுகளாலான பாட்டரி, மோசமான பராமரிப்பிலும் கரடுமுரடான வீதிகளிலும் சீக்கிரமே உதிர்ந்து போகும் வஸ்து. பிரயாணிகள் நடு வீதியில் இறங்கி நடக்க நேர்ந்தது. அவ்வருஷ முடிவுக்குள், கம்பெனி கடன் பெற்ற விதத்தில் மோசடி உண்டென்று நியூயார்க் ஹெரால்டு பத்திரிகை அம்பலப்படுத்தவே பங்குகள் சரிந்தன. மோட்டார்ப் பத்திரிகை ஒன்று இந்தக் கூட்டத்துக்கு ஈய வண்டி டிரஸ்ட் என்று பெயர் சூட்டியது. ஏகபோக வியாபாரக் கூட்டுக்கும் நம்பிக்கைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் வழங்குவதை நினைத்தால், அப்பெயரில் எவ்வளவு விஷம் இருந்தது என்பது விளங்கும். பெட்ரோல் வண்டிக்கான ஸெல்டன் என்பவருடைய காப்புரிமையை வாங்கி வைத்துக்கொண்டு, தன் போட்டியாளர்களிடமே கப்பம் வசூலித்துச் சிறிது காலம் பிழைத்த அந்த மின்சாரக் கம்பெனி 1907-இல் திவாலாயிற்று.

இதற்கு நேர்மாறான உதாரணமும் அக்காலத்திலேயே உண்டு. ஈயத்துக்குப் பதில் நிக்கலையும் இரும்பையும் கொண்டு தாமஸ் எடிசன் ஒரு பாட்டரியை உண்டாக்கி 1903 முதல் விற்கத் தொடங்கினார். அதைப் பற்றி அவரும் பத்திரிகைகளில் குறைவாகப் பேசியவர் அல்லர். ஆனால் கலங்கள் ஒழுகுவதும் சக்தி இழப்பதும் தெரிந்தவுடன், மறு வருஷமே உற்பத்தியை நிறுத்தி, பழுதான கலங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சோதனைச்சாலைக்குள் புகுந்து, மேலும் பல வருஷங்கள் உழைத்துத் திருத்திய பாட்டரியை வெளியிட்டார். டெட்ராய்ட் எலெக்ட்ரிக் வண்டிகளில் விரும்பியவர்களுக்குப் பொருத்தப்பட்ட அந்தப் பாட்டரி, தலைமுறை கடந்தும் உழைக்கும் என்று பெயர் பெற்றது. பெட்ரோல் வண்டிகளின் சக்கரவர்த்தியான ஹென்ரி போர்டின் மனைவியார் கிளாரா அம்மையார் ஓட்டியதும் ஒரு டெட்ராய்ட் எலெக்ட்ரிக் வண்டியைத்தான். எனினும் 1912-இல் காடிலாக் வண்டியில் சார்லஸ் கெட்டரிங்கின் சுயமாய்க் கிளப்பும் கருவி வந்துவிட்டது. கைப்பிடி சுழற்றும் தொல்லை ஒழிந்ததும் மின்சார வண்டியின் பெரிய சௌகரியம் போயிற்று. அந்தக் கருவியும் ஒரு மின்சார மோட்டாரே.

சாரதி இல்லாத வண்டியின் ஆசை மாத்திரம் ஓயவில்லை. 1925-இல் நியூயார்க் பிராட்வேயில், பின்னால் வந்த காரிலிருந்து ரேடியோவால் இயக்கப்பட்ட வண்டியொன்று கூட்டத்தை வியக்க வைத்துவிட்டு, முடிவில் வேறொரு வண்டியின்மீது மோதி நின்றது. 2004-இல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி ஸ்தாபனம் மொஹாவி பாலைவனத்தில் நடத்திய பந்தயத்தில் தானியங்கி வண்டி எதுவும் எட்டு மைலைக்கூடத் தாண்டவில்லை. மறு வருஷம் ஐந்து வண்டிகள் 132 மைல் தூரத்தையும் கடந்துவிட்டன.

இதன்பின் வித்தை வியாபாரிகளிடம் வந்தது. டெஸ்லா கம்பெனி தன் மின்சாரக் கார்களில் வைத்த உதவிக் கருவிக்கு ஆட்டோபைலட் என்று ஆகாய விமானத்திலிருந்து இரவல் பெற்ற பெயரையும், அடுத்த கருவிக்கு முழுமையாகத் தானே ஓட்டுவது என்று பொருள்படும் பெயரையும் இட்டது. இரண்டும் சாரதி கண்ணிமைக்காமல் கவனித்துக்கொண்டிருக்க வேண்டிய கருவிகளே. பெயர் தூங்கச் சொல்கிறது, குறிப்புப் புத்தகம் விழிக்கச் சொல்கிறது. 2023 டிசம்பரில், சாரதியின் கவனத்தைப் போதிய அளவு கண்காணிக்கவில்லை என்ற குறைக்காக, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களின் மென்பொருளைத் திருத்த வேண்டியதாயிற்று. மறு வருஷம் இரண்டாவது பெயரோடு மேற்பார்வைக்கு உட்பட்டது என்ற சொல்லும் சேர்ந்தது.

விட்னியின் கதையை எனக்கு அதிகம் நினைவூட்டுவது வேறொரு சம்பவம். 2023 அக்டோபர் 2-ஆம் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில், மனிதன் ஓட்டிய காரொன்றால் அடிபட்டுத் தூக்கியெறியப்பட்ட ஒரு பெண், குரூஸ் கம்பெனியின் ஆளில்லா மின்சார டாக்ஸியின்முன் விழுந்தாள். டாக்ஸி அவள்மீது மோதி நின்றது. பின்பு ஓரமாக ஒதுங்க எண்ணி, அடியில் சிக்கியிருந்தவளைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. முதல் குற்றம் மனிதனுடையது. கம்பெனி அதைச் சொன்னது. இழுத்துச் சென்றதை மத்திய அதிகாரிகளுக்குக் கொடுத்த அறிக்கையில் எழுதாமல் விட்டது. அம்மாதம் 24-ஆம் தேதி மாகாண அதிகாரிகள், ஆளில்லா டாக்ஸிகளை ஓட்டக் கம்பெனிக்குக் கொடுத்திருந்த உத்தரவை நிறுத்தி வைத்தனர். 2024-இல் பொய்யறிக்கை கொடுத்ததை ஒப்புக்கொண்டு ஐந்து லட்சம் டாலர் அபராதம் ஏற்ற கம்பெனியின் டாக்ஸித் தொழிலுக்கு, அதன் சொந்தக்காரரான ஜெனரல் மோட்டார்ஸ் அவ்வருஷ டிசம்பரில் பணம் தருவதை நிறுத்திவிட்டது.

ஹென்ரி பிளிஸ் விழுந்த இடத்தில் 1999-இல், நூறு வருஷம் நிறைந்த தினத்தன்று, ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். நியூயார்க் நகரம் தானியங்கி மின்சாரக் கார்களுக்கு முதன்முதலாகச் சோதனை உத்தரவு அளித்தது 2025 ஆகஸ்டில். வேமோ கம்பெனி பெற்ற அந்த உத்தரவில், பயிற்சி பெற்ற மனிதர் ஒருவர் சாரதியின் ஆசனத்தில் அமர்ந்தே தீரவேண்டும் என்று நிபந்தனை எழுதப்பட்டிருந்தது.